எந்த வளைவில் நிற்கிறது பாட்டு?

போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுநர்களுக்கு



விடிகாலையில் நீங்கள் வரிசை கட்டி முந்தலை நோக்கிப் போகும் நேரத்தில் நான் கடை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பேன். தலையை நிமிர்த்த வேண்டியதே இல்லை, பாட்டை வைத்தே யார் வண்டி என்று சொல்லிவிடுவேன். ஒருவருக்கு எண்பதுகளின் இளையராஜா. ஒருவருக்குச் சித்திரை மாதத்திலும் ஐயப்பன் பாட்டு. இன்னொருவர் பூப்பாறைப் பக்கம் பழகிப் பழகி மலையாளப் பாட்டுக்கு மாறிவிட்டார். கொஞ்ச நாளாகப் பல வண்டிகளில் ஒரே கோளாறைக் கேட்கிறேன். பேஸ் ஓங்கி ஓர் அடி விழுகிறது, பாட்டு அறுந்துபோகிறது, இரண்டு நொடி கழித்துப் பாதி வரியிலிருந்து மறுபடி கிளம்புகிறது. வண்டி வயரிங் பார்த்தே வயிறு வளர்த்தவன் நான். அந்த இரண்டு நொடியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பண்ணைப்புரம் நமக்குப் பக்கத்துத் தாலுகா. அங்கே பிறந்த இளையராஜா போட்ட பாட்டு நம் வண்டியில் பாதியில் நின்றால் ஊருக்கே மானக்கேடு.

சாயங்காலம் டிரிப் முடிந்து இறங்கியதும் ஆம்ப்பை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றி எடுத்து வருகிறீர்கள். "ஆம்ப் போச்சுண்ணே, வேற போடணும்." நான் அதை மேசையில் வைத்து, நல்ல பேட்டரியில் மாட்டி, ஒரு ஸ்பீக்கரையும் கொடுத்தால் ராத்திரி பூராவும் பாடுகிறது. நோயாளியை வீட்டில் படுக்கவைத்துவிட்டு அவன் செருப்பை மட்டும் டாக்டரிடம் கொண்டுபோன கதை. நோய் வண்டியில் இருக்கிறது. என் மேசைக்கு வந்த ஆம்ப்களில் உண்மையிலேயே செத்தவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வாயை மூடிக்கொண்டவை.

இது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம்ப்புக்குள் ஒரு காவல் சர்க்யூட் இருக்கிறது. உள்ளே வரும் கரண்ட் சுமார் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும், 16 வோல்ட்டைத் தாண்டினாலும், ஸ்பீக்கர் வயர் எங்காவது ஷார்ட் ஆனாலும், மேல் உடம்பு கை வைக்க முடியாதபடி கொதித்தாலும் அது ஆம்ப்பை நிறுத்திவிடும். பல ஆம்ப்களில் அப்போது சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கை எல்லோரும் சாவு மணியாக எடுத்துக்கொள்கிறோம். அது கூப்பாடு. யாரோ கழுத்தை நெரிக்கிறார்கள் என்று ஆம்ப் கூப்பிடுகிறது. நெரிப்பவன் யார் என்று பார்க்காமல் ஆம்ப்பை மாற்றினால், புது ஆம்ப்பும் அடுத்த வாரம் அதே இடத்தில் அதே மாதிரி கூப்பிடும். காசு போனதுதான் மிச்சம்.

ஆகவே கடைக்கு வரும்போது என்னிடம் "ஆம்ப் கட் ஆகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கே கட் ஆகிறது? முந்தல் தாண்டியதுமா, புலியூத்துப் பக்கமா, போடிமெட்டில் செக்போஸ்ட் வரிசையிலா, தோண்டிமலை தாண்டியா? ஏறும்போதா, இறங்கும்போதா? வண்டி கிளம்பின உடனேயா, ஒரு மணி நேரம் கழித்தா? மலை ஏறி இறங்கும் உங்களுக்குக் கிடைத்திருக்கும் வசதி சமதளத்தில் ஓட்டுகிற எவனுக்கும் இல்லை. போடியிலிருந்து மெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. வண்டியின் ஒவ்வொரு எலும்பையும் அந்த ரோடு தினம் இரண்டு தரம் முறுக்கிப் பார்க்கிறது. எந்த இடத்தில் பாட்டு நின்றது என்று மட்டும் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2023, அரிக்கொம்பன் யானையைச் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்த வருஷம். ஒரு தம்பி கமாண்டர் ஜீப்போடு வந்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பாட்டு நிற்கிறது, நேர் ரோட்டுக்கு வந்ததும் பாடுகிறது. வளைவில் பாடி முறுக்கிக்கொள்ளும்போது ஏதோ வயர் இழுபடுகிறது என்று முடிவுகட்டி வேறு இரண்டு பேர் ஏற்கெனவே வயரை எல்லாம் மாற்றிவிட்டார்கள். நானும் அதையே நம்பி அரை நாள் சீட்டுக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். வயரைப் பிடித்து இழுத்தேன், ஆட்டினேன், வண்டியைக் குலுக்கினேன். பாட்டு நிற்கவே இல்லை. கடைசியில் என்னை உட்காரவைத்து மலைக்கு ஓட்டிக்கொண்டு போனார். முதல் வளைவு. அவர் ஹார்ன் அடித்தார், பாட்டு நின்றது. இரண்டாவது வளைவிலும் அதுவே. மூன்றாவது வளைவில், "தம்பி, ஹார்ன் அடிக்காம வளை" என்றேன். எதிரே வண்டி இல்லை என்று பார்த்துவிட்டுத்தான். பாட்டு நிற்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். ஆம்ப்பை எழுப்புகிற ஒல்லி நீல வயர் ஒன்று இருக்கிறதே, ரிமோட் வயர், அதை யாரோ ஹார்னுக்குப் போகும் லைனிலிருந்து எடுத்திருந்தார்கள். அந்த லைனில் பியூஸ் உட்காரும் கிளிப் களிம்பு ஏறிப் பச்சையாக இருந்தது. இரட்டை ஹார்ன் இழுத்தால் 10 ஆம்பியர் வரை போகும். களிம்பைத் தாண்டி அவ்வளவு போகும்போது லைனில் வோல்ட் சரிந்துவிடுகிறது. ரிமோட்டில் வோல்ட் சரிந்தால் ஆம்ப்புக்கு அது "தூங்கு" என்கிற உத்தரவு. வளைவுக்கும் பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மலை ரோட்டில் நாம் வளைவில்தான் ஹார்ன் அடிக்கிறோம், அவ்வளவே. அன்றிலிருந்து வண்டியில் கை வைக்குமுன் ஓட்டுநரை ஒரு கிளாஸ் டீ குடிக்கும் நேரம் பேசவைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நீல வயரை பாட்டு செட்டின் பின்னால் அதற்கென்று இருக்கும் நீல வயரில்தான் சேர்க்க வேண்டும். வேறு எங்கேயும் ஒட்டுப்போடக் கூடாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பேஸ் அடிக்கும்போது மட்டும் கட் ஆகி உடனே திரும்பி வருகிறதே, உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் கோளாறுதான். அதில் ஆம்ப்புக்குச் சாப்பாடு பற்றவில்லை.

ஆம்ப் பெட்டியில் 3000 வாட் என்று தங்க எழுத்தில் போட்டிருப்பான். அதைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் செருகியிருக்கும் பியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் பியூஸ் ஒன்று இருந்தால், 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 414 வாட். வழக்கமான ஏபி வகை ஆம்ப் அதில் ஏறத்தாழப் பாதியைச் சூடாக்கி வீணடித்துவிடும். மிச்சம் 200 வாட்தான் பாட்டு. இரண்டு 30 பியூஸ் இருந்தால் 400 வாட். அதற்கு அந்த ஆம்ப் பேஸ் அடியில் 50, 60 ஆம்பியர் கேட்கும். உங்கள் வண்டியின் இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து கேட்பது சுமார் 9 ஆம்பியர். ஆறு ஜோடி ஹெட்லைட்டை ஒரே நொடியில் போட்டு அணைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கரண்டைத்தான் வீட்டு வயரிங்குக்கு வாங்கிய 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் பேட்டரியிலிருந்து பின் சீட்டு வரை இழுத்திருக்கிறீர்கள். 4 மீட்டர் நீளம் என்று வைத்தால், 50 ஆம்பியர் போகும்போது அந்த வயரே 1.4 வோல்ட் தின்றுவிடும். அதுவும் நல்ல செம்பாக இருந்தால். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் அதே தூரத்தில் தின்பது 0.2 வோல்ட்.

"தடிச்ச வயர்தாண்ணே போட்டிருக்கேன்" என்று சொல்வீர்கள். பிளேடால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அது அலுமினியம். செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். அலுமினியம் செம்பு கடத்துவதில் அறுபது சதவீதம்தான் கடத்தும். ஸ்க்ரூவுக்கு அடியில் நசுங்கி நசுங்கித் தானாக லூஸாகும். மேலே ஏறினால் வருஷத்தில் பாதி நாள் மழையும் மஞ்சும். அந்த ஈரத்தில் வெள்ளைப் பொடி பூத்துவிடும். விலை குறைவு என்று வாங்கியது ரெண்டு மழைக்காலம் தாங்காது.

வயரைவிடப் பெரிய திருடன் எர்த். பழைய ஜீப்பில் பாடி நேராக சேஸிஸ் மேல் உட்கார்ந்திருப்பதில்லை, நடுவில் ரப்பர் பட்டை இருக்கிறது. நீங்கள் ஆம்ப்பின் எர்த்தைப் பின்பக்கத் தகரத்தில் ஒரு ஸ்க்ரூவால் முறுக்கிவிட்டீர்கள். அந்தத் தகரத்திலிருந்து கரண்ட் துருப்பிடித்த போல்ட் வழியாக சேஸிஸுக்கு வந்து, சேஸிஸிலிருந்து இற்றுப்போன பட்டை வழியாக பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். போகும் வழியில் பெயிண்ட், துரு, களிம்பு என்று ஒவ்வொருவரும் சுங்கம் வசூலிக்கிறார்கள். மெட்டு செக்போஸ்ட் எவ்வளவோ தேவலை.

இங்கேதான் நிறைய மெக்கானிக்குகளும் ஏமாறுகிறார்கள். மீட்டரை "பீப்" சத்தத்தில் வைத்து எர்த்தையும் பாடியையும் தொடுவார்கள். பீப் என்று கத்தும். "எர்த் பக்காவா இருக்கு" என்பார்கள். அந்த பீப் பெரிய பொய். எர்த்தில் ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை இருந்தாலே 50 ஆம்பியர் போகும்போது இரண்டரை வோல்ட் காணாமல் போகும். சாதாரண மீட்டருக்கு அவ்வளவு சின்னத் தடை கண்ணுக்கே தெரியாது, அதற்கும் பீப் அடிக்கும். சரியான வழி இதுதான். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே வைத்து, சிவப்பு முனையை ஆம்ப்பின் எர்த் ஸ்க்ரூவில் வையுங்கள். வயர் எட்டாவிட்டால் ஒரு துண்டு வயரால் நீட்டிக்கொள்ளலாம். எஞ்சின் ஓடட்டும். நல்ல பேஸ் உள்ள பாட்டை ஓங்கி வையுங்கள். ஒவ்வோர் அடிக்கும் மீட்டர் துள்ளும். 0.2 வோல்ட்டுக்குள் துள்ளினால் எர்த் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று குதித்தால் திருடன் அகப்பட்டான். இதே மாதிரி பேட்டரி பிளஸ் கம்பத்துக்கும் ஆம்ப்பின் பிளஸ் ஸ்க்ரூவுக்கும் நடுவில் பாருங்கள். அங்கே குதித்தால் வயர், அல்லது பியூஸ் ஹோல்டர், அல்லது பேட்டரி கம்பத்தில் பூத்திருக்கும் களிம்பு. இரண்டு பக்கமும் குதிக்கவில்லை, ஆனாலும் பேட்டரி கம்பத்திலேயே வோல்ட் 11க்குக் கீழே விழுகிறது என்றால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது, அல்லது டைனமோ சார்ஜ் போடவில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 15ஐத் தாண்டி ஏறினால் ரெகுலேட்டரைப் பாருங்கள், ஆம்ப்புக்கு அதுவும் ஆகாது.

மெட்டில் செக்போஸ்ட் வரிசையில் நிற்கும்போது மட்டும் கட் ஆகிறது என்பவர்களுக்கு இந்தப் பேட்டரிக் கதைதான். மஞ்சில் ஹெட்லைட் எரிகிறது, வைப்பர் ஓடுகிறது, எஞ்சின் ஐட்லிங்கில் மெதுவாக முனகுகிறது. அந்த வேகத்தில் டைனமோ கொடுப்பது கொஞ்சம். பாக்கி முழுவதும் பேட்டரி தலையில். வரிசையில் நிற்கும்போது பேஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். செலவில்லாத ரிப்பேர்.

எர்த் போடுவது எப்படி என்று கேட்டால், பெயிண்டைச் சுரண்டி வெள்ளித் தகரம் தெரியும்வரை தேயுங்கள். பிளஸ்ஸுக்குப் போட்ட அதே தடிமன் வயரில், வளைய லக் வைத்து அமுக்கி, பல் வாஷர் போட்டு, சேஸிஸில் போல்ட் முடுக்குங்கள். முடுக்கியபின் மேலே கிரீஸ் தடவுங்கள். பழைய ஜீப்பாக இருந்தால் பேட்டரி மைனஸிலிருந்தே தனி வயர் இழுத்துவிடுவது இன்னும் நல்லது. வயர் காசு ஒரு முறைதான்.

அடுத்து, வெகுநேரம் நன்றாகப் பாடிவிட்டு, பூப்பாறை நெருங்கும்போது நின்று, டீ குடித்து வந்தால் மறுபடி பாடும் ஆம்ப். அது சூடு. ஆம்ப்பின் மேலே வரிவரியாக அலுமினியம் இருப்பது அழகுக்கு அல்ல, காற்றுப் படத்தான். நீங்கள் அதன் மேல் சாக்கு, மழைக்கோட்டு, பிளாஸ்டிக் தாள், தூக்குச்சட்டி எல்லாம் அடுக்குகிறீர்கள். தோட்டத்தில் குளிர் எலும்பைக் குத்தும்போது ஆம்ப் மட்டும் கம்பளிக்குள் புழுங்குகிறது. ஒரு ஜாண் இடம் விட்டு, தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கி, நனையாத இடத்தில் மாட்டுங்கள்.

அப்படியும் சூடாகிறது என்றால் ஸ்பீக்கரை எண்ணிப் பாருங்கள். 4 ஓம் சப்வூஃபர் ஒன்று இருந்தது, மச்சான் ஒன்று கொடுத்தார் என்று பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்துவிட்டீர்கள். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் இரண்டு 4 ஓம் சேர்ந்து 2 ஓம் ஆகிவிடும். அதை பிரிட்ஜ் செய்து, அதாவது ஆம்ப்பின் இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்து, மாட்டினால் ஒவ்வொரு சேனலுக்கும் அது 1 ஓம் மாதிரி தெரியும். ஒரு ஆள் தூக்கும் மூட்டையை நான்காக்கித் தலையில் வைத்த கணக்கு. பிரிட்ஜ் செய்தால் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்று பெரும்பாலான ஆம்ப்களிலேயே அச்சடித்திருக்கும். இரண்டையும் வரிசையாகச் சேர்த்தால் 8 ஓம். சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் ஊர் திரும்பும்வரை பாடும்.

குழியில் விழும்போது, அல்லது பின் சீட்டில் ஆள் ஏறி உட்காரும்போது கட் ஆகிறதா? ஸ்பீக்கர் வயரைத் தடவிப் பாருங்கள். சீட்டுக் கம்பிக்கு அடியில் நசுங்கி, தோல் உரிந்து, தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். பழைய கேசட் செட் காலத்தில் சில செட்டுகளில் ஸ்பீக்கர் மைனஸை பாடியில் முறுக்கிவிடுவோம், பாடும். இப்போதைய செட்டிலும் ஆம்ப்பிலும் அது ஷார்ட். அந்தக் காலத்துக் கைப்பழக்கத்தை விட்டுவிடுங்கள், நானும் கஷ்டப்பட்டுத்தான் விட்டேன். சந்தேகம் இருந்தால் எல்லா ஸ்பீக்கர் வயரையும் ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்தால் ஆம்ப் நல்லது. ஒவ்வொரு வயராகத் திரும்பச் சேருங்கள், எதைச் சேர்க்கும்போது சிவப்பு வருகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும், ரிமோட், பிளஸ், எர்த் மட்டும் இருந்தும் சிவப்பு எரிந்தால் மட்டும் ஆம்ப்பைச் சாக்கில் சுற்றி எடுத்து வாருங்கள். அது நிஜமாகவே என் மேசைக்கு வரவேண்டியது.

கடைசியாக ஒன்று, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பியூஸ் எரிகிறது என்று சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டி அந்த இடத்தில் செருகியிருந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பியூஸ் ஆம்ப்புக்காக வைத்தது என்று நினைக்கிறீர்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒன்றரை அடிக்குள் வைக்கிற பியூஸ் வயருக்காக வைத்தது. வயர் எங்காவது உரிந்து சேஸிஸைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே வீச்சில் தள்ளும். பியூஸ் இருந்தால் அது உடனே எரிந்து கதை முடியும். வெள்ளித் தாள் இருந்தால் வயர் சிவந்து, ரப்பர் உருகி, சீட்டுப் பஞ்சு பற்றும். அந்த சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? விடியுமுன் சோறு கட்டிக்கொண்டு காய் எடுக்க வந்த அக்காமார்கள். சட்டம் சொல்வதைவிட அதிகம் பேர், ஒருவர் மடியில் ஒருவர். பின்பக்கம் ஒரே வழி. தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு எத்தனை பேர் குதிப்பார்கள்? 30 ஆம்பியர் பியூஸ் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

அந்த அக்காமார்களில் ஒருவர் ஒரு நாள் என் கடையில் வண்டி நின்றிருந்தபோது சொன்னார்: "சீக்கிரம் பாத்துக் குடு தம்பி, பாட்டு நின்னா வளைவுல எனக்கு வயித்தைப் பெரட்டுது." டாக்டர்கள் என்ன சொல்வார்களோ, எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் பூப்பாறை தாண்டி சின்னக்கானல் பக்கம் போகிறவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். யானை ரோட்டைக் கடக்கும் இடம். அது கிளை ஒடிக்கும் சத்தம் உங்கள் காதில் விழ வேண்டும். அங்கே பாட்டு கட் ஆனால் நான் ரிப்பேர் செய்ய மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு டிரிப் இல்லை, எனக்கும் அவசர வேலை இல்லை. காலை பத்து மணிக்கு மேல் கடையில் இருப்பேன். ஆம்ப்பைக் கழற்றாதீர்கள், வண்டியோடு வாருங்கள். வரும் வாரம் முழுக்க, பாட்டு எந்த வளைவில், என்ன செய்யும்போது நின்றது என்று டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதிவைத்து, அதையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
போடியில் வண்டி வயரிங் பார்க்கும் உங்கள் அண்ணன்